மலையேற்றத்தின் விலை: வலப்பனைப் பாதைகளும் எரிபொருட் சிக்கனமும்

தோட்டப் பாதைகளிலே கெப் வண்டி ஓட்டிப் பல்லாண்டு பழகிய சாரதி ஒருவரிடம், "உங்கள் வண்டி ஒரு லீற்றர் டீசலுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்?" என்று நான் ஒருமுறை வினவினேன். அவர் சிரித்துவிட்டு, "மேல போகவா, கீழ போகவா, சேர்?" என்று திருப்பிக் கேட்டார். வினாவுக்கு வினாவே விடையாக வந்தது கண்டு நான் சற்று நாணினேன். ஆயினும் பின்னர் நினைத்துப் பார்க்குந்தோறும், மலைநாட்டுப் போக்குவரத்தின் வரலாறு முழுவதும் அந்த ஒரு வினாவுக்குள் அடங்கியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. சுமை தாங்கும் கரடுமுரட்டு வண்டிகள் குடிக்கும் எரிபொருளைப் பற்றிய அவ்வரலாற்றையே இன்று தங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

வலப்பனைப் பிரதேசத்தை அறியாத நேயர்களுக்காக ஒரு சொல். நுவரெலியா மாவட்டத்தில், மகாவலிப் பள்ளத்தாக்கின் வெப்பமான வயல்களிலே தொடங்கி, இராகலையைச் சூழ்ந்த குளிர்ந்த தேயிலை மேடுகள் வரை படிப்படியாக உயர்ந்து செல்வது இப்பிரதேசம். ஒரே பிரதேசத்துக்குள் நெல்லும் உண்டு, தேயிலையும் உண்டு, உருளைக்கிழங்கும் கோவாவும் உண்டு. இங்கே ஒரு பொருள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்வதென்றால் அது பெரும்பாலும் ஏறியாக வேண்டும். அல்லது இறங்கியாக வேண்டும். சமதரை என்பது பாடசாலை விளையாட்டு மைதானத்துக்கே அரிதாகக் கிடைக்கும் பொருள்.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு லீற்றர் டீசலில் அடங்கியுள்ள சக்தி முழுவதையும் ஒரு துளியும் வீணாக்காமல் பயன்படுத்தக் கூடுமாயின், மூன்றரைத் தொன் எடையை ஆயிரம் மீற்றர் உயரத்துக்குத் தூக்கிவிடலாம். ஆனால் மலைப்பாதையில் உழலும் வண்டியின் இயந்திரம் அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே சக்கரத்துக்குக் கொடுக்கிறது. எஞ்சியது வெப்பமாகவும் புகையாகவும் கழிந்துபோகிறது. ஆகவே, ஒரு தொன் எடையை ஆயிரம் மீற்றர் உயர்த்த ஏறத்தாழ ஒரு லீற்றர் டீசல் வேண்டும் என்று நினைவிற் கொள்ளலாம். இரண்டு தொன் எடையுள்ள கெப் வண்டி ஒன்று ஒரு தொன் சுமையை ஏற்றிக்கொண்டு ஆயிரம் மீற்றர் ஏறினால், உயரத்துக்கு மாத்திரம் மூன்று லீற்றர் செலவாகும். அம்மூன்றில் ஒன்றே சுமைக்குரியது. மற்ற இரண்டும் வண்டி தன்னைத்தானே தூக்கிக்கொண்டதற்குரிய கூலி.

இதனோடு பாதையின் குணத்தையும் சேர்க்க வேண்டும். இரும்புத் தண்டவாளத்தின் மேல் ஒரு தொன் எடையை உருட்டுவதற்கு ஏறத்தாழ இரண்டு கிலோ எடைக்குச் சமமான இழுவை போதும். நல்ல தார்ப் பாதையில் அது பத்து முதல் பதினைந்து கிலோ. கல்லும் மண்ணும் கலந்த தோட்டப் பாதையில் இருபது, முப்பது கிலோ. மழைக்காலச் சேற்றிலோ நூறு கிலோவையும் தாண்டும். அஃதாவது, சேறு நிறைந்த சமதரையிற் செல்லும் வண்டி, பத்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் ஏறும் வண்டியைப் போலவே எரிபொருளைக் குடிக்கும். விற்பனையாளரின் விளம்பரத் தாளில் அச்சிடப்பட்டுள்ள கிலோமீற்றர்க் கணக்கு இராகலை மேட்டில் ஏன் பலிப்பதில்லை என்பது இதனால் விளங்கும்.

இக்கணக்கு நம் முன்னோருக்கு எழுத்தில் தெரியாவிடினும் அனுபவத்தில் நன்கு தெரிந்திருந்தது. கோப்பிக் காலத்தில் மலையிலிருந்து பொருளை இறக்கியவை மாட்டு வண்டிகளே. மாட்டுக்கு எரிபொருள் புல்லும் பிண்ணாக்கும். கடும் ஏற்றம் வந்தவிடத்து மேலும் ஓரிணை மாடுகளைப் பூட்டி, ஏறி முடிந்ததும் அவிழ்த்துவிடுவர். ஏற்றத்துக்கு வேண்டிய வலிமையை வழி முழுவதும் சுமந்து திரிவது வீண் என்பதை வண்டிக்காரர் அறிந்திருந்தனர். பின்னாளில் இரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறும் நீராவிப் புகையிரதத்தின் பின்புறத்தே துணை இயந்திரம் ஒன்றைச் சேர்த்துத் தள்ளச் செய்தார்களே, அதுவும் இதே வண்டிக்காரர் கண்ட முறைதான்.

புகையிரதம் 1867 ஆம் ஆண்டில் கண்டியை அடைந்தது. அதே ஆண்டிற்றான் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இருப்புப்பாதை 1884 இல் ஹட்டனையும், 1885 இல் நானுஓயாவையும் எட்டியது. இப்பாதையை அமைத்தவர்கள் ஏற்றத்தை 44 அடிக்கு ஓரடி என்ற அளவிற்கு மேற்படாமற் கட்டுப்படுத்தினர். அதற்காக மலையைச் சுற்றினர், குடைந்தனர், வளைந்தனர். பாதை நீண்டது, ஆனால் இழுவை குறைந்தது. பாதை வெட்டியவரின் உழைப்பு ஒருமுறை செலவாகி, அதன் பின் ஓடிய ஒவ்வொரு வண்டிக்கும் எரிபொருளாக மிஞ்சியது என்று சொல்லலாம்.

நம் பிரதேசத்துக்கும் ஓர் இருப்புப்பாதை இருந்தது என்பதை இன்றைய மாணவர் பலர் அறியார். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை, இரண்டரை அடி அகலமே கொண்ட குறும்பாதை ஒன்று அமைக்கப்பட்டது. 1903 இல் நுவரெலியா வரையிலும், 1904 இல் இராகலை வரையிலும் அது திறக்கப்பட்டது. உடப்புசல்லாவைப் பாதை என்பது அதன் பெயர். கந்தப்பளையில் அது ஏறிய உயரம், பிரதான பாதையின் உச்சியாகிய பட்டிப்பொலவையும் விஞ்சியது. தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகள் அதில் இறங்கின. அரிசியும் உரமும் அதில் ஏறின.

அத்தகைய பாதை ஏன் மறைந்தது? அதன் வண்டிகள் குடித்த எரிபொருள் மிகுதி என்பதனாலன்று. குறும்பாதையின் வண்டி, ஐந்தரை அடி அகலமான பிரதான பாதையிற் செல்ல இயலாது. ஆகையால் நானுஓயாவில் ஒவ்வொரு பெட்டியையும் இறக்கி மீண்டும் ஏற்ற வேண்டியிருந்தது. இதற்கிடையில் மோட்டார் லொறி வந்தது. அது தொழிற்சாலை வாயிலிலேயே சுமையை ஏற்றி, சேருமிடத்து வாயிலிலேயே இறக்கியது. பெற்றோலும் அக்காலத்தில் மலிவாக இருந்தது. லொறியோடு போட்டியிட முடியாமல், 1940களில் இராகலைப் பாதை மூடப்பட்டது, தண்டவாளங்கள் அகற்றப்பட்டன. ஒரு தொன்னுக்கு மிகக் குறைந்த இழுவையை வேண்டிய பாதையை, எரிபொருள் மலிந்திருந்த காலத்தில் நாம் கைவிட்டோம். இதை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். இவ்வரலாற்றில் இது மீண்டும் மீண்டும் நிகழ்வதைக் காண்போம்.

தோட்டத்துக்குள்ளேயும் அவ்வாறே. ஒரு கிலோ தேயிலைத் தூள் பெறுவதற்கு நான்கு கிலோவுக்கும் மேற்பட்ட பச்சைக் கொழுந்து வேண்டும். கொழுந்தின் எடையில் முக்காற் பங்குக்கும் மேல் நீரே. ஆகவே கொழுந்தைத் தொலைவுக்குக் கொண்டு செல்வதென்பது நீரைச் சுமந்து செல்வதாகும். இதனை உணர்ந்தே பழைய துரைமார் தோட்டத்துக்கு ஒரு தொழிற்சாலை எழுப்பினர். சில தோட்டங்களில் மேல் மலையிலிருந்து தொழிற்சாலை வரை இரும்புக் கம்பி கட்டி, கொழுந்துச் சாக்குகளை அதில் மாட்டி வழுக்கிவிடுவர். சாக்கு தன் எடையினாலேயே இறங்கிவரும். ஒரு துளி எண்ணெயும் வேண்டாம். காலப்போக்கில் கம்பிகள் துருப்பிடித்தன. தொழிற்சாலைகள் பலவும் மூடப்பட்டன. கந்தப்பளையிலுள்ள ஹெதர்செட் தொழிற்சாலைக் கட்டடம் 1996 முதல் உல்லாசப் பயணிகளுக்கான விடுதியாக விளங்குகிறது. மூடப்பட்ட தொழிற்சாலைகளின் கொழுந்து இப்பொழுது லொறியிலும் கெப் வண்டியிலும் ஏறி வேறிடம் செல்கிறது. முன்னர் கம்பி வழியே சும்மா இறங்கிய நீரை இன்று டீசல் சுமக்கிறது.

இனிக் கரடுமுரட்டு வண்டிக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கரின் ஜீப் வண்டி உலகெங்கும் அறிமுகமாயிற்று. போர் முடிந்தபின் இங்கிலாந்தின் ரோவர் கம்பனியைச் சேர்ந்த மொரிஸ் வில்க்ஸ் என்பார், தமது பண்ணையில் பழைய ஜீப் ஒன்றை ஓட்டிப் பார்த்து, அதனினும் உழவுக்கேற்ற வண்டி ஒன்றை ஆக்கக் கருதினார். 1948 ஏப்பிரலில் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் வெளிவந்தது. உருக்குத் தட்டுப்பாடு நிலவிய காலமாதலின் அதன் உடலுக்கு அலுமினியக் கலவைத் தகடு பயன்படுத்தப்பட்டது. தட்டுப்பாட்டினால் நேர்ந்த அந்த மாற்றம் வண்டிக்கு நன்மையே செய்தது; எடை குறைந்தது, துருவும் அணுகவில்லை. சிறிது காலத்தில் அது நம் தோட்டங்களுக்கும் வந்தது. நான்கு சக்கரங்களும் உழைப்பதால், மற்ற வண்டிகள் புதைந்த சேற்றில் அது ஏறியது. நோயாளியையும் அது ஏற்றியது; உர மூட்டையையும் அது ஏற்றியது.

ஆனால் அந்த வலிமைக்கு ஒரு விலை உண்டு. நான்கு சக்கரங்களுக்கும் வலிமையைப் பகிரும் பற்சக்கரங்கள் ஒவ்வொன்றும் சிறிது சக்தியைத் தின்னும். தடித்த டயர் அதிகமாக இழுக்கும். தாழ்ந்த கியரில் இயந்திரம் வேகமாகச் சுழலும். வண்டி மெல்ல நகரும். பெற்றோல் லேண்ட் ரோவர் ஒரு கலனுக்குப் பதினைந்து முதல் பதினெட்டு மைல் ஓடும் என்பது சாதாரணப் பாதையிற் பலர் கண்ட அனுபவம். ஏற்றத்தில் அது மேலும் குறையும்.

டீசல் இயந்திரம் இந்நிலையை மாற்றியது. ருடொல்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியர் 1897 இல் வெற்றியுடன் இயக்கிக் காட்டிய இயந்திரம், எரிபொருளின் சக்தியில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வேலையாக மாற்றியது. அக்காலத்து நீராவிப் புகையிரத இயந்திரங்களோ பத்தில் ஒரு பங்கையும் எட்டவில்லை. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவிலிருந்து வந்த டீசல் இயந்திரங்கள் 1950களில் நம் மலைப்பாதையில் நீராவியின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கின. லேண்ட் ரோவரும் 1957 இல் டீசல் இயந்திரம் பெற்றது. ஆயினும் பெற்றோல் மலிந்திருந்தவரை எவரும் அவசரப்படவில்லை.

1961 இல் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. 1969 இல் சப்புகஸ்கந்தையிற் சுத்திகரிப்பு நிலையமும் இயங்கத் தொடங்கியது. எனினும் நாம் சுத்திகரித்த எண்ணெய் நம் மண்ணில் ஊறியதன்று. 1973 இன் பிற்பகுதியில் மத்திய கிழக்கில் மூண்ட போரை அடுத்து, பீப்பாய் ஒன்று ஏறத்தாழ மூன்று டொலராக இருந்த எண்ணெயின் விலை, சில மாதங்களில் பதினொரு டொலரையும் தாண்டிற்று. மலைநாட்டுக் குடும்பங்கள் உணவுக்கே அல்லலுற்ற காலம் அது. பெற்றோல் வண்டிகள் கொட்டில்களில் ஓய்ந்தன. பின்னர், 1977க்குப் பிறகு இறக்குமதி தளர்ந்தபோது, ஜப்பானிய டீசல் இயந்திரங்கள் வந்து பழைய லேண்ட் ரோவர்களின் உடலுக்குள் ஏறின. நுவரெலியாப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் அறுபது ஆண்டு வயதுடைய வண்டிகள் மூட்டைகளோடு ஏறுவதைக் காண்போர் வியப்பர். வியப்பதற்கொன்றுமில்லை, வெளியே ஆங்கிலேயர், உள்ளே ஜப்பானியர், செப்பனிட்டவர் நம் ஊர்க் கராஜ்காரர்.

இது நம் மலைக்கு மட்டும் உரிய கதையன்று. தேயிலைக்குப் பேர்போன டார்ஜிலிங் மாவட்டத்தில், மானேபஞ்சாங் என்னும் ஊரிலிருந்து 3,636 மீற்றர் உயரமான சந்தக்பூ மேட்டுக்கு, 1950களில் ஆக்கப்பட்ட லேண்ட் ரோவர்கள் நெடுங்காலம் பயணிகளை ஏற்றிச் சென்றன. அவற்றிலும் பழைய இயந்திரம் நீங்கி, இந்திய டீசல் இயந்திரம் குடிபுகுந்தது. மலையில் வாழும் ஏழை மக்கள், நாடு வேறாயினும், ஒரே விடையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அடுத்து வந்தவை ஜப்பானிய கெப் வண்டிகள். டொயோட்டாக் கம்பனியின் ஹைலக்ஸ் 1968 இல் பிறந்தது. தொடக்கத்தில் அது எளிய, இலேசான சுமை வண்டி. பின்னர் இரட்டைக் கதவும், குளிரூட்டியும், பருத்த உடலும் பெற்று, அவ்வகை வண்டிகள் இரண்டு தொன் எடைக்கு வளர்ந்தன. இயந்திரம் திறமை பெற்றது உண்மை. ஆனால் பெற்ற திறமையிற் பெரும் பங்கை வண்டியின் சொந்த எடையே தின்றுவிட்டது. இதற்கு நேர்மாறானது, இந்தியாவில் 2005 இல் டாட்டாக் கம்பனி வெளியிட்ட சிறு லொறி. நம் மக்கள் அதனை டிமோ பட்டா என்பர். இரண்டு சிலிண்டர், 16 குதிரை வலு, தன் எடை ஏறத்தாழ 800 கிலோ, சுமக்க அனுமதிக்கப்பட்டது 750 கிலோ. தன் எடைக்கு ஏறக்குறைய நிகரான சுமையை அது தூக்குகிறது. சேற்றில் அது கெப் வண்டிக்கு ஈடாகாது. ஆனால் பாதை நன்றாயிருந்தால், ஒரு மூட்டை கோவாவை மேலேற்றும் செலவில் கெப் வண்டி அதனை வெல்ல முடியாது. ஆகவே எரிபொருளைச் சேமிப்பது இயந்திரம் மட்டுமன்று. பாதையைச் செப்பனிடும் மண்வெட்டியும் சேமிக்கிறது.

இவற்றையெல்லாம் நாம் ஏட்டளவில் அறிந்திருந்தோம். 2022 ஆம் ஆண்டு அவற்றை வயிற்றளவில் உணர்த்திற்று. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஒரு லீற்றர் டீசல் 121 ரூபாவாகவும், பெற்றோல் 177 ரூபாவாகவும் இருந்தன. ஜூன் 26 இல் டீசல் 460 ரூபாவாகவும், பெற்றோல் 470 ரூபாவாகவும் உயர்ந்தன. அந்த விலைக்கும் கிடைத்தபாடில்லை. வண்டிகள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. ஜூலையில் தேசிய எரிபொருள் அனுமதி அட்டை முறை வந்து, வாகனத்தின் வகைக்கேற்ப வாராந்தப் பங்கு வகுக்கப்பட்டது. 2023 செப்டெம்பரில் அது நிறுத்தப்பட்டது. பங்கு வகுத்த கணக்கில் வாகனத்தின் வகை இருந்தது; அது ஏற வேண்டிய மலை இருக்கவில்லை. காலியில் ஓடும் வண்டிக்கும் வலப்பனையில் ஏறும் வண்டிக்கும் ஒரே அளவுதான்.

அவ்வாண்டு மே 23 இல், முந்திய ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை தொடங்கியது. எங்கள் பாடசாலைப் பிள்ளைகளில் பதினால்வர், பரீட்சை நிலையத்தினின்றும் ஏறத்தாழ நானூறு மீற்றர் உயரத்திலிருந்த தோட்டப் பிரிவொன்றில் வாழ்ந்தனர். பஸ் இல்லை. பெற்றோர் கூடி, தங்களுக்குள் இருந்ததைச் சேர்த்தனர். பத்து லீற்றர் டீசல் தேறிற்று. நான் முதலிற் குறிப்பிட்ட அந்தச் சாரதியை அழைத்தோம். வழக்கமாயின் அவர் காலையிற் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மேலே திரும்பி, மாலையில் மீண்டும் வந்து ஏற்றிச் செல்வார். அன்று அவர் கணக்குப் போட்டார். "ரெண்டு தடவ ஏறினா நாலு நாளைக்குத்தான் காணும், சேர். நான் கீழயே இருந்துகிறேன்" என்றார். காலையில் பிள்ளைகளோடு மரக்கறிக் கூடைகளையும் இறக்குவது. பகல் முழுவதும் கீழேயே காத்திருப்பது. மாலையில் ஒரே ஏற்றம். ஆண்பிள்ளைகள் எழுவரும் குறுக்குப் பாதையால் நடந்து ஏறுவதாகத் தாமே முன்வந்தனர். அந்தப் பத்து லீற்றர் கடைசிப் பாடம் வரைக்கும் போதுமாயிற்று.

இறக்கத்தில் கியரை விடுவித்து வண்டியைச் சும்மா உருட்டினால் இன்னும் மிஞ்சாதா என்று பெற்றோர் ஒருவர் கேட்டார். சாரதி உடன்படவில்லை. அவர் செய்தது இருவகையிலும் சரியே. கியரில் இறங்கும் டீசல் வண்டியில், மிதியினின்று காலை எடுத்தவுடன் இயந்திரத்துக்குள் எரிபொருள் செல்வது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. சக்கரமே இயந்திரத்தைச் சுழற்றுகிறது. கியரை விடுவித்தாலோ இயந்திரம் தனியே சுழல்வதற்கு எரிபொருள் வேண்டும். வேகத்தை அடக்கும் பொறுப்பு முழுவதும் பிரேக்கின் மேல் விழும். அது சூடேறிச் சோர்ந்தால் அடுத்த வளைவில் உயிருக்கே மோசம். சேமிப்புமில்லை, பாதுகாப்புமில்லை.

அந்தப் பத்து லீற்றரை நான் பலமுறை நினைத்ததுண்டு. அதைப் போதுமாக்கியவை யாவை? இயந்திரம் அதே பழைய இயந்திரந்தான். பயண ஒழுங்கு மாறியது, சுமை குறைந்தது, இறக்கம் வீணாகாமல் கூடைகளும் இறங்கின. இவை யாவும் வண்டிக்காரரும் இருப்புப்பாதை அமைத்தோரும் கொழுந்துக் கம்பி கட்டியோரும் முன்னரே கண்ட முறைகள். நாம் அவற்றை மறந்தது அறியாமையினாலன்று, எண்ணெய் மலிந்திருந்ததனால். விலை உயர்ந்தபோது திரும்பிப் பார்த்தோம்; தண்டவாளமும் இல்லை, கம்பியும் இல்லை.

ஆயினும் ஒன்றை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. அந்த ஏழு பிள்ளைகள் பரீட்சை எழுதிய களைப்போடு நானூறு மீற்றர் ஏறினார்களே, அந்த நடையை எரிபொருட் கணக்கில் எழுதியவர் எவருமில்லை. அதே நாட்களில் வண்டி வராத மேட்டுப் பிரிவுகளில் பெண்கள் கொழுந்து மூட்டையைத் தலையிலே சுமந்து, வழக்கத்தினும் தொலைவாக மடுவத்துக்கு நடந்தார்கள். மலைநாட்டில் எரிபொருள் இல்லாமற்போனால் சுமை இல்லாமற்போவதில்லை. அது மனிதர் தோளுக்கு மாறுகிறது. கோப்பிக் காலத்திலிருந்து அந்தத் தோள் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளியின் தோளாகவே இருந்து வந்திருக்கிறது. சுமையை மனிதர் மேல் மாற்றிவிட்டு அதற்குச் சிக்கனம் என்று பெயரிடுவது கணக்கை மறைப்பதேயன்றி வேறன்று.

மெய்யான சிக்கனம் வேறு வழியில் வரும். தோட்டப் பாதைக்கு நீர் வடிகாலும் கல்லும் இட்டுச் சேற்றைப் போக்கினால், அப்பாதையில் ஓடும் ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு நாளும் டீசலை மிச்சப்படுத்தும். கொழுந்தைப் பறித்த இடத்துக்கு அருகிலேயே வாடவைத்துப் பதப்படுத்தினால் நீரைச் சுமக்கும் செலவு நீங்கும். வெறும் வண்டி ஏறுவதைத் தவிர்த்து, அயலவர் கூடிச் சுமையைச் சேர்த்து அனுப்பினால், பாதிப் பயணங்கள் குறையும். வண்டி வாங்குவோர் அதன் பருமனை நோக்காது, தன் எடைக்கு எவ்வளவு சுமக்கிறது என்று கேட்டறிந்து வாங்கலாம். இவற்றுள் எதுவும் புதுமையன்று. எண்ணெய் மலிவாக இருக்கும் நாளிலும் விடாமற் செய்வதே புதுமையாகும்.

நேயர்களே, அடுத்த முறை கெப் வண்டி ஒன்று உறுமிக்கொண்டு மலையேறுவதைக் காணும்போது, அது லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்று கேட்பதற்கு முன்னர், அது எதனைச் சுமக்கிறது, எந்தப் பாதையில் ஏறுகிறது, அதற்குப் பதில் ஏற வேண்டியவர் யார் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அந்தச் சாரதி என்னிடம் கேட்ட வினாவின் பொருள் அப்போது தங்களுக்கும் விளங்கும்.